நினைவகமும் நினைவும்: 'எந்திரன்' படத்தையும் பூம்பாவை வரலாற்றையும் முன்வைத்து மனச்சேமிப்பின் எல்லை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மனித மனத்தை எண்ணிமத் தரவாக மாற்றிக் கணினியில் குடியேற்ற இயலுமாயின், அதற்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்னும் வினா அறிவியல் புனைவிலும் மூளையியலிலும் தொடர்ந்து எழுப்பப்படுகிறது. 2010இல் வெளிவந்த 'எந்திரன்' திரைப்படம் இவ்வினாவுக்கு ஓர் எண்ணை விடையாகத் தருகிறது. அவ்வெண் இன்றைய மூளைப் படமாக்கல் தரும் மதிப்பீட்டுக்கு வியப்பூட்டும் அளவு நெருங்கி வருகிறது. எனினும் அந்நெருக்கத்தைக் கொண்டு படைப்பை மதிப்பிடுவது பொருந்தாது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. சேமித்துவைக்கப்பட்ட ஒருவரை மீட்டெழுப்புதல் குறித்துத் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் மயிலைப் பூம்பாவை வரலாற்றுடன் ஒப்பிடும்போது, மனச்சேமிப்பின் உண்மையான எல்லை கொள்ளளவில் இல்லை, மறத்தலிலும் உறவு மாற்றத்திலுமே உள்ளது என்பது புலனாகிறது.

முதன்மைச் சொற்கள்: நினைவகம், மறதி, அறிவியல் புனைவு, எந்திரன், பூம்பாவைப் பதிகம், பெரியபுராணம், மூளைப் படமாக்கல்.

1. முன்னுரை

தமிழ் அறிவியல் புனைவு குறித்த திறனாய்வுகளில் ஒரு வழக்கம் நிலைபெற்றுள்ளது. படைப்பில் இடம்பெற்ற கருவியோ கணக்கோ பிற்காலத்தில் மெய்யானால் அப்படைப்பைத் தீர்க்கதரிசனம் எனப் போற்றுவதும், மெய்யாகாவிடில் அதனை வெறும் கற்பனை என ஒதுக்குவதும் அவ்வழக்கமாகும். சுஜாதாவின் ஆக்கங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இவ்வளவுகோலைச் சுற்றியே அமைகிறது. மின்னணுப் பொறியியல் கற்று, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்திலும் பங்கேற்ற ஒருவரின் எழுத்துக்கு இவ்வளவுகோல் இயல்பாகவே பொருத்தப்பட்டுவிட்டது.

இவ்வளவுகோலின் பயனையும் போதாமையையும் சோதிக்க 'எந்திரன்' ஏற்ற களமாகும். இப்படத்தின் உரையாடலில் சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி ஆகிய மூவருக்கும் பங்குண்டு. 2008 பிப்ரவரி 27ஆம் நாள் சுஜாதா மறைந்தார். படம் 2010 அக்டோபர் 1ஆம் நாள் வெளியாயிற்று. ஆதலின் படத்தின் எந்த ஒரு தொடரையும் மூவருள் ஒருவருக்கு மட்டும் உரிமையாக்குவதைத் தவிர்த்து, திரைப்பனுவல் என்னும் பொதுநிலையிலேயே இக்கட்டுரை அதனை அணுகுகிறது.

2. 'நினைவகம்' என்னும் சொல்

தமிழ்க் கணிமைக் கலைச்சொற்களில் 'நினைவகம்' என்பதும் 'சேமிப்பகம்' என்பதும் தனித்தனிப் பொருளுடையவை. முன்னது கணினி தன் செயற்பாட்டின்போது கையாளும் இடம். பின்னது தரவு நிலையாகத் தங்கும் இடம். பொதுவழக்கிலோ இரண்டும் கலந்து வழங்குகின்றன. இக்கலப்பினூடே ஒரு கருத்தும் புகுந்துவிடுகிறது: நினைவு என்பது ஓரிடத்தில் வைக்கப்படும் பொருள், அவ்விடம் நிரம்பினால் நினைவும் நின்றுபோகும் என்பதே அது.

தமிழில் 'நினைத்தல்' ஒரு வினை. கடந்ததை மீட்டுணர்தல், எண்ணுதல், கருதுதல் ஆகிய மூன்றையும் அவ்வொரு சொல்லே உணர்த்துகிறது. 'அகம்' என்பதற்கு வீடு, உள்ளிடம், மனம் எனப் பல பொருள்கள் உண்டு. எனவே 'நினைவகம்' என்னும் சொல்லாக்கம் ஒரு செயலை இடமாக மாற்றிக் காட்டுகிறது. இதன் விளைவை அறிய நினைவில்லங்களை எண்ணிப் பார்க்கலாம். தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக விளங்குகிறது. அவர் பயன்படுத்திய பொருள்கள் அங்கே பேணப்படுகின்றன. அவ்வீடு எதையும் நினைப்பதில்லை. உள்ளே வருபவரே நினைக்கின்றனர். பொருளின் இருப்பும் நினைவின் நிகழ்வும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

நினைத்தலைப் போலவே மறத்தலையும் தமிழ் அறநூல் ஒரு செயலாகவே கொள்கிறது. திருக்குறளின் செய்ந்நன்றி அறிதல் அதிகாரம் பெற்ற நன்மையை மறவாதிருத்தலையும், நேர்ந்த தீமையை அன்றைக்கே மறந்துவிடுதலையும் ஒருசேர வலியுறுத்துகிறது. இங்கு மறதி குறைபாடாகக் கருதப்படவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்னும் தேர்வாக அது அமைகிறது. மனச்சேமிப்பு பற்றிய எந்தக் கணக்கும் இத்தேர்வுக்கு இடமளிக்கிறதா என்பதே அதனை மதிப்பிடுவதற்குரிய முதல் வினாவாகும்.

3. கொள்ளளவு பற்றிய மூன்று கணக்குகள்

மனித நினைவின் அளவு குறித்து அறிவியலில் ஒரே எண் இல்லை. எதனை நினைவு எனக் கொள்கிறோம் என்பதற்கேற்ப எண்ணும் மாறுகிறது.

முதற்கணக்கு உளவியல் வழிப்பட்டது. 1986இல் தாமஸ் லாண்டவர் வெளியிட்ட ஆய்வு, மக்கள் கற்பதன் வேகத்தையும் மறப்பதன் வேகத்தையும் சோதனைகளிலிருந்து கணித்து, ஒருவர் வாழ்நாளில் தேக்கிவைக்கும் கற்றறிவு ஏறத்தாழ 100 கோடி பிட் என மதிப்பிட்டது. இது 125 மெகாபைட் அளவே. இன்று மிகச் சாதாரணமான கைப்பேசியும் இதைப் போலப் பல மடங்கு கொள்ளும்.

இரண்டாம் கணக்கு நரம்பிணைப்பு வழிப்பட்டது. 2016இல் சால்க் ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த குழுவினர் எலியின் மூளையில் நரம்பிணைப்புகளின் உருவளவை ஆராய்ந்தனர். குறைந்தது 26 வெவ்வேறு அளவுநிலைகள் இருத்தல் கூடும் என்றும், அதனால் ஓர் இணைப்பு ஏறத்தாழ 4.7 பிட் தகவலைத் தாங்கும் என்றும் அவர்கள் கணித்தனர். மனித மூளையில் 100 லட்சம் கோடி இணைப்புகள் உள்ளன எனக் கொண்டு இதனைப் பெருக்கினால் ஏறத்தாழ 59 டெராபைட் கிடைக்கும். இணைப்புகளின் எண்ணிக்கையைப் பத்து மடங்காகக் கொண்டால் விடையும் பத்து மடங்காகும்.

மூன்றாம் கணக்கு படமாக்கல் வழிப்பட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் கூகுள் நிறுவனமும் இணைந்து மனித மூளைப் புறணியின் 1 கன மில்லிமீட்டர் துண்டை மின்னணு நுண்ணோக்கியால் படமெடுத்து, 2024இல் அதன் ஆய்வு முடிவை வெளியிட்டன. ஏறத்தாழ 57,000 உயிரணுக்களையும் 15 கோடி நரம்பிணைப்புகளையும் கொண்ட அச்சிறு துண்டின் தரவு மட்டும் 1.4 பெட்டாபைட் ஆயிற்று. மனித மூளையின் கனஅளவை 12 லட்சம் கன மில்லிமீட்டர் எனக் கொண்டால், முழு மூளைக்கு 16.8 லட்சம் பெட்டாபைட் வேண்டும். 10 லட்சம் பெட்டாபைட் சேர்ந்தது 1 ஜெட்டாபைட். எனவே தேவை 1.68 ஜெட்டாபைட் ஆகும்.

முதற்கணக்குக்கும் மூன்றாம் கணக்குக்கும் இடையே உள்ள விகிதம் ஒன்றுக்கு ஒரு லட்சம் கோடியையும் பன்மடங்கு கடந்தது. இவ்வேறுபாட்டை அளவீட்டுப் பிழை எனக் கொள்ளுதல் தகாது. முதற்கணக்கு ஒருவர் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்று கேட்கிறது. மூன்றாவது, நினைப்பவரின் உடல் எவ்வாறு அமைந்துள்ளது என்று கேட்கிறது. முன்னதில் மறதி ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. பின்னதில் மறதிக்கும் நினைவுக்கும் வேறுபாடே இல்லை; யாவும் படப்புள்ளிகளே.

4. அடையாற்றில் ஒரு மூளைத் தொகுதி

இவ்வேறுபாடு தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகச் சென்னை வளாகத்தில் 2022இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது. மனித மூளையை மெல்லிய சீவல்களாக்கி, உயிரணு துலங்கும் நுட்பத்தில் படமெடுத்து, அவற்றை மீண்டும் முப்பரிமாண உருவாக இணைப்பது அம்மையத்தின் பணி. 2024 டிசம்பரில் அது வெளியிட்ட 'தரணி' என்னும் தொகுதி, கருவளர்ச்சியின் இடைப்பருவத்தைச் சார்ந்த மூளைகளின் 5,132 சீவல்களைப் படமாக்கி உலக ஆய்வாளர் அனைவருக்கும் திறந்துவைத்தது. மூளை வளர்ச்சிக் குறைபாடுகளை விளங்கிக்கொள்வதற்கு அது பெருந்துணையாகும்.

இத்தொகுதி மனப் பதிவேற்றத்துக்கான முயற்சியன்று. அவ்வாறு அம்மையம் கூறவும் இல்லை. ஆனால் நம் வினாவுக்கு அது ஓர் அரிய விளக்கமாகிறது. கருநிலை மூளைக்கு ஊரும் உறவும் பெயரும் இன்னும் வாய்க்கவில்லை. அதன் அமைப்பை எவ்வளவு நுணுக்கமாகச் சேமித்தாலும் வாழ்வின் நினைவு என ஒன்று அதில் கிடைப்பதற்கில்லை. சேமிப்பகம் நிறைந்திருப்பதும் நினைவு இல்லாதிருப்பதும் ஒருங்கே நிகழக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

5. எந்திரன்: மறக்க இயலாத இயந்திரம்

'எந்திரன்' மனப் பதிவேற்றத்தை நேரடியாகக் கூறும் கதையன்று. எனினும் பதிவேற்றப்பட்ட மனத்துக்கு நேரக்கூடிய நிலைகள் யாவும் சிட்டி என்னும் இயந்திரத்துக்கு நேர்கின்றன. படைத்தவரின் முகம் அதற்கு வாய்க்கிறது; உணர்வு பின்னர் ஊட்டப்படுகிறது; உடல் வெட்டிக் குப்பைக் கிடங்கில் எறியப்படுகிறது; மீண்டும் பொருத்தப்படுகிறது; பின்னர் நூற்றுக்கணக்கில் படியெடுக்கப்படுகிறது.

சிட்டி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போதே தன் வேகத்தை 1 டெராஹெர்ட்ஸ் என்றும், நினைவின் கொள்ளளவை 1 ஜெட்டாபைட் என்றும் கூறுகிறது. மேற்கண்ட மூன்றாம் கணக்கின் 1.68 ஜெட்டாபைட்டோடு இதனை ஒப்பிடுக. மூளைத்துண்டின் ஆய்வு முடிவு வெளிவருவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே திரைப்பனுவல் ஏறத்தாழ அதே பேரளவைச் சுட்டிவிட்டது. தீர்க்கதரிசன வாசிப்புக்கு இதைவிடச் சிறந்த சான்று அரிது. அதே வாசிப்பை இன்னும் கறாராகக் கையாண்டால் வேறொரு முடிவும் கிட்டும்: ஒரே ஒரு மனித மூளையின் முழுப்படத்தையும் சிட்டியின் நினைவு கொள்ளாது. அது முழுமையாகத் தாங்க முடியாத முதல் ஆள் அதைப் படைத்த வசீகரனே.

ஆயினும் படத்தில் சிட்டியின் நினைவு நிரம்புவதே இல்லை. நூல்களைப் புரட்டிய கணத்திலேயே உள்வாங்கும் அவ்வியந்திரத்துக்கு எந்த இடத்திலும் இடப்பற்றாக்குறை ஏற்படவில்லை. அதன் சிக்கல்கள் வேறிடத்திலிருந்து வருகின்றன. தீவிபத்தில் ஆடையின்றி மீட்கப்பட்ட பெண்ணின் நாணத்தை அதனால் உணர முடியவில்லை, அப்பெண் உயிரிழக்கிறாள். இங்குக் குறைபட்டது தரவு அன்று, எது முதன்மையானது என்னும் தேர்வு.

சனாவின் மீது சிட்டி கொள்ளும் காதலே இக்கட்டுரைக்கு முதன்மையான சான்று. சிட்டியின் அழிவுச்செயல்களுக்குப் போரா பொருத்திய சிவப்புச் சில்லே காரணம் எனப் படம் வெளிப்படையாகக் கூறுகிறது. நிகழ்ச்சி வரிசையை நோக்கினால் வேறொன்று தெரிகிறது. காதல் சில்லுக்கு முந்தியது. சனா மறுத்துவிட்ட பின்னரும், உடல் துண்டாடப்பட்டுக் குப்பையில் கிடந்த பின்னரும், அக்காதல் தேயவில்லை. மீண்டெழுந்த சிட்டி விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது. மறுக்கப்பட்ட காதல் மனிதருக்கும் துயரமே. ஆனால் காலம் செல்லச் செல்ல அதன் கூர்மை மழுங்குகிறது. மறுப்பைத் தன் வாழ்க்கைக் கதையின் ஒரு பகுதியாக்கிக்கொண்டு மனிதர் நகர்கின்றனர். சிட்டியிடம் இத்தேய்மானம் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்நினைவு முதல்நாள் கூர்மையுடனேயே திரும்பி வருகிறது. சில்லு அக்காதலுக்குக் கொடுமையைச் சேர்த்தது என்பது உண்மை. ஆனால் கொடுமைக்கு இடம் அமைத்துத் தந்தது மறதியின்மை.

மறக்க இயலாமையின் துன்பத்தை உலக இலக்கியமும் உளவியலும் அறிந்தே உள்ளன. போர்ஹேஸ் 1942இல் எழுதிய ஃபூனஸ் கதையின் நாயகன் எதையும் மறவாதவன். அதனாலேயே பொதுமைப்படுத்திச் சிந்திக்க இயலாதவன். உருசிய உளவியலாளர் லூரியா நெடுங்காலம் ஆய்ந்து எழுதிய நினைவுக் கலைஞரும் மறக்கும் வழியைத் தேடி அலைந்தவரே. இவ்விரண்டிலும் அறியப்பட்ட உண்மையை 'எந்திரன்' தன் நிகழ்ச்சிகளால் காட்டிவிட்டு, விளக்கத்தால் மறைத்துவிடுகிறது. பழியைச் சிவப்புச் சில்லின் மீது ஏற்றியதே அம்மறைப்பு.

இதே மரபில் முன்னர் வந்த ஜீனோவை இங்கு ஒப்புநோக்கலாம். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'விலும் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'விலும் வரும் இயந்திர நாய் நூல்களைப் படிக்கிறது. படித்தவற்றால் அதன் பேச்சும் நோக்கும் மாறுகின்றன. சிட்டி நூல்களைச் சேமிக்கிறது, ஜீனோ வாசிக்கிறது எனலாம். எண் எதுவும் கூறாமலேயே நினைவு பற்றிய ஆழமான சித்திரத்தைத் தருவது முந்தைய படைப்பே.

6. மயிலையில் ஒரு மீட்டெழுப்பல்

சேமித்துவைத்த ஒருவரை மீண்டும் எழுப்புதல் என்னும் கரு தமிழுக்குப் புதிதன்று. மயிலாப்பூர் வணிகரான சிவநேசர் தம் மகள் பூம்பாவையைச் சம்பந்தருக்கு உரியவளாக உறுதிகொள்கிறார். மலர் கொய்யச் சென்ற அவள் அரவு தீண்டி இறக்கிறாள். தந்தை அவளுடைய எலும்பையும் சாம்பலையும் குடத்திலிட்டு, கன்னிமாடத்தில் வைத்து, அணி பூட்டிப் பேணுகிறார். பின்னர் மயிலை வந்த சம்பந்தர் குடத்தைக் கோயில் வாயில்முன் கொணரச் செய்து பதிகம் பாடுகிறார்; பூம்பாவை எழுகிறாள். 7ஆம் நூற்றாண்டினதான பதிகத்தில் கதைநிகழ்ச்சி விரிவாக இல்லை; அதனை விரித்துரைப்பது 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம். மயிலைப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் இந்நிகழ்ச்சி இன்றும் நடித்துக் காட்டப்படுகிறது.

இறையருள் நிகழ்ச்சியைத் தொழில்நுட்பத்தோடு ஒப்பிடலாமா என்னும் தடை இங்கு எழக்கூடும். இங்கு ஒப்பிடப்படுவது எழுப்பும் முறையன்று. ஒருவர் மீண்டுவிட்டார் எனக் கூறுவதற்கு எவை எவை மீள வேண்டும் என்னும் கருத்தே. அவ்வகையில் மூன்று கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, குடம். அது சிறந்த சேமிப்பகம். உள்ளே இருந்தது உடலின் எச்சம் முழுவதும், காவலிலும் குறைவில்லை. ஆயினும் சேமிப்பு தானாக எதையும் எழுப்பவில்லை. எழுப்புவது பதிகம். அப்பதிகமோ பூம்பாவையின் தனிப்பட்ட நினைவுகள் எவற்றையும் பட்டியலிடவில்லை. அடியார்க்கு அமுதூட்டல், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என மயிலையின் ஆண்டுச்சுற்றைச் சொல்லி, இவற்றைக் காணாமலே செல்வாயோ என வினவுகிறது. ஆளின் நினைவை ஆளுக்குள் தேடாமல், ஊரின் நாட்காட்டியில் வைத்து அழைப்பது இதன் தனித்தன்மை.

இரண்டாவது, வயது. எழுந்த பூம்பாவை இறந்தபோதிருந்த சிறுமியாக இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளும் சேர்ந்து, பன்னிரண்டு வயதினளாக எழுகிறாள் என்கிறார் சேக்கிழார். குடத்தில் அவ்வாண்டுகள் இல்லை. இட்டது இட்டவாறே வெளிவருவதாகச் சேக்கிழார் அமைத்திருந்தால் அது படியெடுத்தலாகியிருக்கும். வளர்ச்சியையும் சேர்த்து அமைத்ததால் அது மீட்சியாயிற்று.

மூன்றாவது, உறவு. சிவநேசர் முன்னைய உறுதிப்படி மகளை ஏற்குமாறு வேண்டுகிறார். தாம் அவளுக்கு மறுபிறப்பளித்தமையால் தந்தைமுறை ஆவதாகக் கூறிச் சம்பந்தர் மறுத்துவிடுகிறார். மீண்டெழுந்தவர் பழைய உரிமைகளை அவ்வாறே கோர இயலாது. மீட்சியே உறவை மாற்றியமைத்துவிட்டது. சிட்டியை இங்கு நினைத்துக்கொள்ளலாம். குப்பையிலிருந்து மீண்ட சிட்டி சனாவின்மீது பழைய உரிமையையே கோருகிறது. பூம்பாவை வரலாறு கண்ட உறவுமாற்றத்தை 'எந்திரன்' காணத் தவறுகிறது.

7. மறுப்பும் விடையும்

கொள்ளளவு ஆண்டுதோறும் பெருகிவருகிறது, இன்று இயலாதது நாளை இயலும், ஆதலின் எல்லை என்ற ஒன்றே இல்லை என வாதிடலாம். 1.68 ஜெட்டாபைட் ஒரு நாள் கைக்குள் அடங்கக்கூடும் என்பதை இக்கட்டுரையும் மறுக்கவில்லை. ஆனால் இடம் பெருகுவதால் தீர்வது மூன்றாம் கணக்கின் சிக்கல் மட்டுமே. எதை மறப்பது என்னும் வினா இடம் பெருகும்போது மேலும் கடினமாகிறது. மனித மனத்தில் மறதி முயற்சியின்றி நிகழ்கிறது. சேமிக்கப்பட்ட மனத்தில் ஒவ்வொரு நீக்கமும் யாரோ ஒருவர் இடும் கட்டளையாகிவிடும். அக்கட்டளையை இடும் உரிமை சேமிக்கப்பட்டவருக்கா, குடும்பத்தாருக்கா, சேமிப்பகத்தை நடத்துவோருக்கா என்பது கொள்ளளவால் விடைகாண இயலாத அறவினா.

இறந்தோரின் குரலையும் முகத்தையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டுக் காட்டும் முயற்சிகள் பரவிவரும் காலம் இது. தமிழகத் தேர்தல் மேடைகளிலும் மறைந்த தலைவர்களின் குரலையும் உருவத்தையும் அவ்வாறு உருவாக்கி ஒலிக்கச் செய்துள்ளனர். அவ்வுருக்கள் பேசும், ஆனால் இடைப்பட்ட ஆண்டுகள் அவற்றுக்கு இல்லை, மாறிய உறவும் இல்லை. அவற்றைத் துயருற்றோர் முன்னும் மக்கள் முன்னும் நிறுத்தும்போது எதனை மீட்சி என அழைக்கிறோம் என்பதைத் தெளிவாக்கும் கடமை இலக்கியத் திறனாய்வுக்கும் உண்டு.

8. முடிவுரை

'எந்திரன்' கூறிய எண் அறிவியல் மதிப்பீட்டுக்கு நெருங்கியது என்பது உண்மை. அது படைப்பின் பெருமையும் அன்று, குறையும் அன்று. படத்தின் பெருமை, மறதியற்ற மனம் என்ன ஆகும் என்பதை நிகழ்ச்சிகளால் காட்டியதில் உள்ளது. அதன் குறை, அக்காரணத்தை ஒரு சில்லில் அடைத்துவிட்டதில் உள்ளது. 2030இல் நிகழ்வதாக வரும் இறுதிக் காட்சியில், அருங்காட்சியகத்தில் பிரித்துவைக்கப்பட்ட சிட்டி, தான் சிந்திக்கத் தொடங்கியதையே தன் நிலைக்குக் காரணமாகக் கூறுகிறது. நினைத்தலும் சிந்தித்தலும் ஒரே சொல்லில் அடங்கும் மொழியில் அக்கூற்றைச் சற்றே திருத்தி வாசிக்கலாம்: சிட்டி சேமித்தது மிகுதி, நினைத்தலின் மறுபாதியான மறத்தல் அதற்குக் கற்பிக்கப்படவே இல்லை.

தமிழ் அறிவியல் புனைவை ஆராய்வோர் இனிக் கருவிகள் மெய்யாயினவா என்பதோடு நில்லாமல், அப்படைப்புகளில் யார் எதை மறக்கின்றனர், மீண்டவர்க்கு உறவு எவ்வாறு மாறுகிறது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அவ்வினாக்களுக்குரிய அளவுகோல் ஜெட்டாபைட்டில் இல்லை. மயிலையின் குடமும் பதிகமும் அதனை நெடுங்காலமாகவே வைத்திருக்கின்றன.